எப்போது கூட்டுவது, எப்போது பெருக்குவது?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். பின்னங்களைக் கூட்டும்போது பகுதிகளை (கீழே உள்ள எண்களை) சமமாக்குகிறோம், பெருக்கும்போது ஏன் அப்படியே விட்டுவிடுகிறோம்? 3 சிவப்புப் பந்தும் 2 நீலப் பந்தும் உள்ள பையிலிருந்து இரண்டு பந்துகள் எடுத்தால், இரண்டும் சிவப்பாக வரும் நிகழ்தகவு 3/5 × 2/4 என்கிறார்களே, 3/5 + 2/4 ஏன் இல்லை? சமன்பாட்டைக் கொடுத்தால் தீர்க்க வருகிறது, கணக்கை வாக்கியமாகக் கொடுத்தால் சமன்பாடு எழுத ஏன் வரவில்லை? பல வருடம் கழித்துப் பள்ளிக் கணக்கை மறுபடி கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில்தான் சிக்குவார்கள். தனித்தனிச் சிக்கல்களாகத் தெரிந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கண்ணில் படும் பின்னம் எதன் பங்கு என்று பார்க்காமலேயே கூட்டலுக்கோ பெருக்கலுக்கோ போய்விடுகிறோம். இந்த மட்டத்துக் கணக்குகளில் சூத்திரம் மறந்து வரும் தவறுகளைவிட 'எதில்?' என்று கேட்காமல் வரும் தவறுகளே அதிகம்.

பின்னத்திலிருந்து தொடங்குவோம். 2/3 + 1/4 என்று எழுதும்போது இரண்டும் ஒரே முழுமையின் பங்குகள் என்று சொல்லாமலே ஒப்புக்கொள்கிறோம். முழுமை ஒன்றுதான், ஆனால் துண்டின் அளவு வேறு: முதலாவது மூன்றாகப் பிரித்த துண்டு, அடுத்தது நான்காகப் பிரித்த துண்டு. அளவு வேறாக இருக்கும்வரை எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. இரண்டையும் பன்னிரண்டில் ஒன்று என்ற துண்டுக்கு மாற்றினால் 8/12 + 3/12 = 11/12. மேலே மேலே, கீழே கீழே கூட்டி 3/7 என்று எழுதுபவர்கள் ஒரு நொடி நின்று பார்த்தாலே பிடித்துவிடலாம். 2/3 பாதியைவிடப் பெரியது, 3/7 பாதியைவிடச் சிறியது. ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு எப்படிக் குறையும்?

இந்தத் தவறு இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தேர்வில் 5-க்கு 3, அடுத்ததில் 10-க்கு 4 வாங்கினால் மொத்தம் 15-க்கு 7 என்று சொல்கிறோம், அது சரியும்கூட. ஆனால் அங்கே நடப்பது பின்னக் கூட்டல் கிடையாது. இரண்டு வெவ்வேறு முழுமைகளை ஒன்றாகக் கொட்டிப் புதிய முழுமை ஒன்றை உண்டாக்குகிறோம். 3/5 + 4/10 என்ற கூட்டலின் விடை 1. ஒரே எண்களைப் பார்த்துவிட்டு இரண்டு வேறு கேள்விகளுக்கு ஒரே வழியில் போவதுதான் குழப்பம்.

பகுதிகளைச் சமமாக்க மீச்சிறு பொது மடங்குதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 5/12 + 7/18 கணக்கில் 36-ஐ எடுத்தால் 15/36 + 14/36 = 29/36. அது தோன்றாமல் 12 × 18 = 216 என்று எடுத்தாலும் 90/216 + 84/216 = 174/216, இதை 6-ஆல் சுருக்கினால் அதே 29/36. எண்கள் பெரிதாவதால் நேரம் போகும், பிழைக்கு இடம் கூடும், அவ்வளவே.

பெருக்கலில் நிலைமை வேறு. 3/4 × 2/5 என்றால் '3/4-இல் 2/5 பங்கு'. இங்கே இரண்டாவது பின்னத்தின் முழுமை முதல் பின்னம் கொடுத்த பங்குதான். ஒரு செவ்வகத்தை நெடுக்காக 4 பட்டையாகவும் குறுக்காக 5 பட்டையாகவும் கோடு போட்டுப் பாருங்கள். 20 கட்டங்கள் கிடைக்கும். நெடுக்கில் 3 பட்டை, அதில் குறுக்காக 2 பட்டை எடுத்தால் 6 கட்டங்கள், அதாவது 6/20 = 3/10. துண்டுகளைச் சம அளவாக்கும் வேலையைக் கோடுகளே செய்துவிட்டன. அதனால்தான் தனியாகப் பகுதிகளைச் சமமாக்கத் தேவையில்லை. உங்கள் முதல் கேள்விக்கு இதுவே முழுப் பதில்.

பெருக்குவதற்கு முன்பே சுருக்குவது நல்ல பழக்கம். 14/15 × 25/21 கணக்கில் 14-க்கும் 21-க்கும் பொதுவான 7-ஐயும், 25-க்கும் 15-க்கும் பொதுவான 5-ஐயும் நீக்கினால் 2/3 × 5/3 = 10/9. இந்தக் குறுக்கு நீக்கல் பெருக்கலுக்கு மட்டுமே உரியது. கூட்டல் குறி நடுவில் இருக்கும்போது அடித்துவிடுவது, அல்லது (3 + 5)/3 என்பதில் மூன்றுக்கு மூன்றை அடித்து 5 என்று எழுதுவது, இயற்கணிதத்துக்குப் போன பிறகும் விடாமல் தொடரும் பிழை. கலப்புப் பின்னங்களில் இன்னொன்று உண்டு. இரண்டரையை மூன்றே மூன்றில் ஒன்றால் பெருக்கச் சொன்னால், முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் பெருக்கி ஆறே ஆறில் ஒன்று என்று எழுதுவார்கள். 5/2 × 10/3 = 25/3, அதாவது எட்டே மூன்றில் ஒன்று என்பதே சரி. விட்டுப்போனவை 2 × 1/3, 1/2 × 3 என்ற இரண்டு குறுக்குப் பெருக்கல்கள். பின்னால் (க + 3)² = க² + 9 என்று எழுதி 6க-வை விட்டுவிடுவதும் இதே பிழைதான். (பாடநூலில் 'எக்ஸ்' என்று வரும் மாறியை இங்கே 'க' என்றே எழுதுகிறேன். எந்த எழுத்தானாலும் கணக்கு மாறாது.)

வகுத்தலில் இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம். ஏன் என்று தெரிய 3/4 ÷ 2/5 கணக்கை 15/20 ÷ 8/20 என்று மாற்றிப் பாருங்கள். துண்டு ஒரே அளவானதும் கேள்வி 15-இல் எத்தனை 8 என்று ஆகிவிடுகிறது. விடை 15/8. 3/4 × 5/2 தருவதும் அதையே.

இனி நிகழ்தகவு. சாதகமான விளைவுகளை மொத்த விளைவுகளால் வகுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு விளைவுக்கும் சம வாய்ப்பு இருந்தால்தான் அந்த விதி செல்லும் என்ற நிபந்தனைதான் மறந்துபோகிறது. இதில் தடுக்கி விழுந்தவர்களில் பெரிய ஆட்களும் உண்டு. பிரெஞ்சுக் கணித அறிஞர் தலாம்பேர் 1754-இல், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் நிகழ்தகவு 2/3 என்று வாதாடினார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, இல்லாவிட்டால் பூ-தலை அல்லது பூ-பூ, ஆக மொத்தம் மூன்று நிலைகள், அதில் இரண்டு சாதகம் என்பது அவர் கணக்கு. மூன்று நிலைகள் இருப்பது உண்மைதான். ஆனால் முதல் நிலைக்கு 1/2 வாய்ப்பு, மற்ற இரண்டுக்கும் 1/4 வீதம்தான். கூறுவெளியை, அதாவது நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலை, முழுதாக விரித்து தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று எழுதினால் விடை 3/4. இரண்டு பகடைகளின் கூடுதலும் இப்படித்தான். 2 முதல் 12 வரை பதினொரு கூடுதல்கள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 1/11 என்று எழுதிவிடக் கூடாது. 7 வர 6/36, 12 வர 1/36.

இப்போது உங்கள் பை. முதல் பந்து சிவப்பாக வர 3/5. இந்த 3/5 எல்லா வாய்ப்புகளிலும் எடுத்த பங்கு. அடுத்து வரும் 2/4, முதல் பந்து சிவப்பாக வந்த வாய்ப்புகளுக்குள் மட்டும் எடுத்த பங்கு. பங்கில் பங்கு என்பதால் பெருக்கல். வரிசையோடு எண்ணினால் முதல் பந்துக்கு 5 வழி, அடுத்ததற்கு 4 வழி, மொத்தம் 20. சிவப்பு-சிவப்புக்கு 3 × 2 = 6. விடை 6/20 = 3/10. மேலே போட்ட செவ்வகத்திலும் 20 கட்டங்களில் 6 கட்டம்தான் வந்தது. மாறாக 3/5 + 2/4 என்று கூட்டினால் 11/10 வரும். நிகழ்தகவு ஒன்றைத் தாண்ட முடியாது என்பதால் இந்த முறை தவறு உடனே அம்பலமாகிவிடுகிறது. எப்போதும் அப்படி அகப்படும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

கூட்டல் எப்போது வரும்? ஒரே முழுமைக்குள், ஒன்றோடொன்று மோதாத வழிகள் பல இருக்கும்போது. ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்றால் சிவப்பு-நீலம் 3/5 × 2/4 = 6/20, நீலம்-சிவப்பு 2/5 × 3/4 = 6/20, கூட்டினால் 12/20. இரண்டும் நீலமாக வர 2/5 × 1/4 = 2/20. மூன்றையும் கூட்டினால் 6 + 12 + 2 = 20, அதாவது 1. நேரம் இருந்தால் இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் விடாதீர்கள். எந்த வழியாவது விட்டுப்போயிருந்தால் கூடுதல் ஒன்றைத் தொடாது. இரண்டு பந்துகளை ஒரே சமயத்தில் எடுத்தாலும், ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப வைக்காமல் எடுத்தாலும் இந்த விடைகள் மாறாது. திரும்ப வைத்துவிட்டு எடுத்தால்தான் இரண்டாவது பின்னமும் 3/5 ஆகி 9/25 வரும்.

வழிகள் ஒன்றோடொன்று மோதினால் இருமுறை எண்ணியதைக் கழிக்க வேண்டும். 1 முதல் 30 வரை உள்ள எண்களில் 3-ஆல் அல்லது 5-ஆல் வகுபடுவது: 10 + 6 − 2 = 14, ஆகவே 14/30 = 7/15. கழிக்கும் 2 என்பது 15, 30 ஆகிய எண்கள். 'குறைந்தது ஒன்று' என்று கேள்வியில் வந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து போவது சுலபம். ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு முறையாவது 6 விழ 4 × 1/6 = 2/3 என்று எழுதத் தோன்றும். அதே வழியில் 7 முறைக்கு 7/6 என்று வரும்போதுதான் வழியே தவறு என்று தெரியும். ஒரு முறைகூட 6 விழாத நிகழ்தகவு 5/6-ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைப்பது, 625/1296. ஒன்றிலிருந்து கழித்தால் 671/1296, ஏறக்குறைய 0.518. இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி இரட்டை 6 எதிர்பார்த்தால் இது 0.491-க்கு இறங்கிவிடுகிறது. ஒரு பகடையில் 6 விளைவு, இரண்டில் 36; 4-க்கு 6 எப்படியோ அப்படியே 24-க்கு 36, பிறகு ஏன் வாய்ப்பு குறைகிறது என்ற இந்தக் குழப்பம், 1654-இல் கணித அறிஞர் பாஸ்கல் இன்னொரு கணித அறிஞரான பெர்மாவுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் சந்தேகத்துக்கு இடம் கிடையாது. கேள்வியின் வாசகமே தெளிவில்லாமல் இருந்தால் விடை அப்படி உறுதியாக இருக்காது. ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள், ஒன்று பெண், இரண்டும் பெண்ணாக இருக்கும் நிகழ்தகவு என்ன என்று ஒரு பிரபலமான கேள்வி உண்டு. ஆண், பெண் பிறக்கச் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், 'மூத்தது பெண்' என்பதற்கு விடை 1/2. எல்லா இரு குழந்தை வீடுகளிலிருந்தும் குறைந்தது ஒரு பெண் உள்ளவற்றைப் பிரித்தெடுத்து அவற்றில் ஒன்றைப் பொறுக்கினால் 1/3. கேள்வி எதைச் சொல்கிறது என்பது அந்த ஒற்றை வரியிலிருந்து தெரியாது. 1959-இல் இவ்வகைக் கேள்வியை வெளியிட்ட கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னரே வாசகம் தெளிவில்லை என்று பின்னர் ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட கேள்வி தேர்வில் வந்தால் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. 'நாணயம் சீரானது' என்று கேள்வி சொல்லாமல் விட்டாலும் அப்படித்தான்.

வாக்கியக் கணக்குக்கு வருவோம். ஒரு புத்தகத்தில் 1/3 பங்கை முதல் நாள் படித்தாயிற்று, மீதியில் 2/5 பங்கை மறுநாள் படித்தாயிற்று, இன்னும் 72 பக்கம் பாக்கி. மொத்தம் எத்தனை பக்கம்? கைக்கு முதலில் வருவது 1/3 + 2/5 = 11/15, பாக்கி 4/15, அது 72 என்றால் மொத்தம் 270. முழு எண்ணாக, அழகாக வந்துவிடுகிறது. ஆபத்தே அதுதான், எந்த மணியும் அடிக்காது. ஆனால் 2/5 மொத்தத்தில் எடுத்த பங்கு இல்லையே, மீதியில் எடுத்தது. மொத்தம் க என்றால் முதல் நாளுக்குப் பின் (2/3)க, மறுநாளுக்குப் பின் அதில் 3/5, அதாவது (2/5)க = 72, ஆகவே க = 180. வைத்துப் பாருங்கள்: 60 போக 120, அதில் 48 போக 72. 270-ஐ வைத்தால் 90 போக 180, 72 போக 108, ஒத்துவரவில்லை. சரிபார்க்கும்போது நீங்கள் எழுதிய சமன்பாட்டில் வைக்காமல் கேள்வியின் வாக்கியத்தில் வைக்க வேண்டும். சமன்பாடே தவறு என்றால் தவறான விடை அதில் கச்சிதமாகப் பொருந்தும். விலையை 20 சதவீதம் ஏற்றி 20 சதவீதம் இறக்கினால் 100 ஏன் 96 ஆகிறது என்பதற்கும் விளக்கம் இதுவே. இறக்கியது 120-இல்.

சமன்பாடு எழுத வராததற்கு இன்னொரு காரணம், எழுத்தைப் பொருளின் பெயராக எண்ணிக்கொள்வது. ஓர் ஆசிரியருக்கு 20 மாணவர்கள் வீதம் இருக்கிறார்கள் என்றால், வாக்கியத்தின் வரிசையிலேயே போய் 20ம = ஆ என்று எழுதிவிடுவார்கள். 'ம' மாணவர்களைக் குறிப்பதில்லை, மாணவர்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. 3 ஆசிரியர் என்றால் 60 மாணவர். இரண்டு எண்களையும் வைத்துப் பார்த்தால் ம = 20ஆ என்பதுதான் நிற்கும். சமன்பாடு எழுதும் முன் இப்படிச் சின்ன எண்ணை வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 'விடை 100 என்று வைத்துக்கொண்டால் எப்படிச் சரிபார்ப்பேன்?' என்று கேட்டு அந்தப் படிகளை எழுதி, 100 இருந்த இடத்தில் க-வை வைத்தால் சமன்பாடு தானே நிற்கும்.

தீர்க்கும்போது 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற வாய்ப்பாட்டை விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. அதை வைத்தே சரியாகப் போடுபவர்களும் ஏராளம். இருந்தாலும் 3க = 12 என்பதிலிருந்து க = 12 − 3 என்று எழுத வைப்பது அந்த வாய்ப்பாடுதான். இரண்டு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டால் இது நேராது. (க + 1)/2 − (க − 2)/3 = 4 என்பதை எடுங்கள். எல்லா உறுப்புகளையும் 6-ஆல் பெருக்கினால் 3(க + 1) − 2(க − 2) = 24. விரித்தால் 3க + 3 − 2க + 4 = 24, ஆகவே க = 17. 18/2 − 15/3 = 9 − 5 = 4, சரி. பிழை வருவது இரண்டு இடத்தில். வலப்பக்க 4-ஐப் பெருக்க மறந்தால் க = −3 வரும். கழித்தல் குறி அடைப்புக்குறிக்குள் இருக்கும் −2-க்கும் சேரும் என்பதை மறந்து + 4-ஐ − 4 என்று எழுதினால் க = 25 வரும். உங்கள் தவறான விடை எது என்று பார்த்தாலே எங்கே வழுக்கினீர்கள் என்று தெரிந்துவிடும்.

(க + 1)/2 − (க − 2)/3 என்ற இதே கோவையை, சமக்குறி இல்லாமல், சுருக்கச் சொன்னால் 6-ஆல் பெருக்கிப் பகுதியை ஒழிக்கக் கூடாது. அங்கே ஈடுகட்ட மறுபக்கம் என்று ஒன்று இல்லை. விடை (க + 7)/6, வெறும் க + 7 இல்லை. க = 2 என்று வைத்தால் மூலக் கோவை 3/2, (க + 7)/6-உம் 3/2, க + 7 மட்டும் 9. சமன்பாட்டையும் கோவையையும் பிரித்துப் பார்க்காததால் போகும் மதிப்பெண்கள் கொஞ்சநஞ்சமில்லை. சமக்குறியை 'அடுத்தது' என்ற பொருளில் போடுவதும் அந்த வகைதான். 3 + 4 = 7 × 2 = 14 என்று எழுதினால் 7-உம் 14-உம் சமம் என்று ஆகிவிடுகிறது. 1557-இல் இந்தக் குறியை முதலில் அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்ட், இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறு எதுவும் இருக்க முடியாது என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

மூன்றும் சேர்ந்து வரும் கணக்கு ஒன்று. பையில் 6 சிவப்புப் பந்துகள், மற்றவை நீலம். சிவப்பு வரும் நிகழ்தகவு 2/5 என்றால் நீலப் பந்துகள் எத்தனை? நீலம் க என்று வைத்தால் மொத்தம் 6 + க. 6/(6 + க) = 2/5, குறுக்கே பெருக்கினால் 30 = 12 + 2க, க = 9. பலர் 6/க = 2/5 என்று எழுதி 15 என்பார்கள். 15 தவறான எண் கிடையாது, அது பந்துகளின் மொத்தம். க எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்கியிருந்தால் 15 வந்ததும் 6-ஐக் கழித்திருப்பார்கள்.

எந்த வரிசையில் பயிற்சி செய்வது என்பதில் ஒரே வழிதான் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என் கணிப்பில் 'மீதியில்', 'அதில்' என்று வரும் பின்னக் கணக்குகளை முதலில் முடித்துவிட்டு, திரும்ப வைக்காமல் எடுக்கும் நிகழ்தகவுக் கணக்குகளுக்குப் போவது சுலபம். இரண்டிலும் முழுமை நடுவழியில் மாறுவது ஒன்றுதான். வாக்கியக் கணக்கு எழுத வராததற்குக் காரணம் பின்னமா, எழுத்தா, அல்லது கேள்வியைப் படிக்கும் வேகமா என்பதை, நீங்கள் போட்டுப் பார்த்த வழிமுறையைத் தாளில் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. தவறாகப் போன இரண்டு மூன்று கணக்குகளை அடித்தல் திருத்தலோடு அப்படியே பதிவிட்டால் குறிப்பாகச் சொல்லலாம். இருபது பேரில் ஐவரைத் தேர்ந்தெடுப்பது போன்ற கேள்விகளுக்கு மேலே சொன்னது மட்டும் போதாது, வரிசைமாற்றமும் சேர்வும் தெரிய வேண்டும். அங்கே எண்ணும் முறைதான் கடினம். எண்ணி முடித்த பிறகு வகுப்பது இதே வகுத்தல்தான்.